முடிச்சாச்சு என்றால் எது வரைக்கும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. விட்சர் 3 கேமை ஒருவழியாக முடித்துவிட்டேன் என்று மருமகனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஏழு மாதமாக, பெரும்பாலும் சனி ஞாயிறில் மட்டும் விளையாடியது. அவன் ஓஎல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன், நேரத்துக்குப் பஞ்சமில்லை. என் போனை வாங்கி, பிளேஸ்டேஷன் ஆப்பில் என் ட்ரொபிப் பட்டியலை, அதாவது கேமுக்குள் வைத்த சின்னச் சின்ன இலக்குகளை முடித்ததற்குக் கிடைத்த கோப்பைகளின் பட்டியலை, திறந்து பார்த்தான்.

"எங்க மாமா முடிச்சீங்க? 31 வீதம்தானே நிக்குது."

"கதை முடிஞ்சுது. கடைசியில பெயரெல்லாம் ஓடிச்சு."

"அது கதை முடிஞ்சது. கேம் இன்னும் முடியேல்லையே."

"ரெண்டு பேரும் முதல்ல சோத்தை முடியுங்கோ" என்றாள் அக்கா.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, நான் சொன்னதிலும் இருக்கிறது. புத்தகம் என்றால் கடைசிப் பக்கம் வந்ததும் முடிந்தது. படமும் அப்படித்தான். வீடியோ கேமில் மட்டும் 'முடிச்சாச்சு' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து முடிவுகள் இருக்கின்றன. யார் எந்த முடிவைச் சொல்கிறார் என்று தெரியாவிட்டால் இப்படித்தான் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் வரும். கேம் பக்கமே போகாதவர்களுக்கும், "இன்னும் ரெண்டுதான் மிச்சம்" என்று டிவி முன்னால் மூன்று மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 நாள். கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போய், 24ஆம் நாள் தேரை மட்டும் கும்பிட்டுவிட்டு, அன்று இரவே திரும்பி மறுநாள் ஒபிசுக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். மஞ்சம், சப்பறம் என்று முக்கியமான நாட்களாகப் பார்த்துப் போகிறவர்கள் இன்னொரு வகை. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை 25 நாளும் விரதமிருந்து, விடிய எழும்பிப் பிரதட்டையும் அடிக்கிறவர்கள் வேறு. மூன்று பேருமே "இந்த முறை நல்லூருக்குப் போனோம்" என்றுதான் சொல்வார்கள். யாரும் யாரிடமும் வீதக் கணக்குக் கேட்பதில்லை.

கேமில் தேர் என்பது மெயின் ஸ்டோரி, அதாவது மூலக் கதை. அதை முடித்தால் சினிமாவைப் போலத் திரையில் பெயர்கள் ஓடும். கிரெடிட்ஸ் ஓடிவிட்டது என்று சொல்வது இதைத்தான். மஞ்சமும் சப்பறமும் சைட் மிஷன்கள். செய்யாவிட்டாலும் கதை நகரும், செய்தால் அந்த உலகம் இன்னும் கொஞ்சம் திறக்கும். 25 நாளும் நின்றால் நூறு வீதம். பிரதட்டையும் சேர்ந்தால் பிளாட்டினம், எல்லாக் கோப்பைகளையும் எடுத்தவனுக்குக் கிடைக்கும் கடைசிக் கோப்பை.

நேரக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கேமை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று விளையாடியவர்களிடமே கேட்டுத் தொகுக்கும் 'ஹவ் லாங் டு பீட்' என்றொரு தளம் இருக்கிறது. அதிலும் கதை மட்டும், கதையும் கொஞ்சம் மேலதிகமும், எல்லாமே என்று மூன்று கணக்குகள்தான். விட்சர் 3-க்குக் கதை மட்டும் என்றால் ஏறக்குறைய 50 மணி நேரம். நடுக் கணக்கு 100-ஐத் தொடும். எல்லாமே என்றால் 170-க்கு மேல். வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைக்கிற என்னைப் போன்ற ஒபிஸ்காரனுக்கு முதலாவது மூன்று மாத வேலை, கடைசியோ பத்து மாதத்தையும் தாண்டும். ஏழு மாதம் எடுத்த நான் நடுவில் நின்றவன். அதாவது மஞ்சத்துக்குப் போனவன்.

அப்படியானால் 31 வீதம் எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆரம்ப கால கேம்களுக்கு முடிவே கிடையாது. காசு போட்டு விளையாடும் பெட்டிகளில் உயிர் இருக்கும் வரை ஆட்டம், பிறகு மறுபடி காசு. 1980-இல் நாம்கோ கம்பனி வெளியிட்ட பேக்-மேனில் எத்தனையாவது லெவல் என்ற எண்ணை வைக்க ஒரு பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பைட்டுக்குள் 255 வரைதான் எண்ணலாம். 256-ஆவது லெவலில் கணக்குப் பிசகி, திரையின் வலப்பக்கப் பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். அதற்கு அப்பால் போக வழியில்லை. அந்தக் குலைந்த திரைதான் யாரும் எழுதாமலே அந்த கேமுக்கு அமைந்த முடிவு. ஒரு புள்ளியும் விடாமல், ஒரு உயிரும் இழக்காமல் அதுவரை போனால் 33,33,360 புள்ளிகள் கிடைக்கும். 1999-இல் ஒருவர் அதையும் எடுத்துக் காட்டினார்.

வீட்டில் விளையாடும் கேம்கள் வந்தபோது வேறொரு ஆசையும் கூடவே வந்தது: நான் செய்ததை நாலு பேர் பார்க்கவேண்டும். 1982-இல் பிட்ஃபோல் என்று ஒரு கேம். 20,000 புள்ளி எடுத்தவர்கள் டிவித் திரையை கமராவில் படம் பிடித்து, கழுவி, ஆக்டிவிஷன் கம்பனிக்குத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ள நூல் வேலை செய்த துணிப் பட்டி ஒன்று திரும்பி வரும். ஃபில்ம் சுருளில் மிச்சப் படங்களும் முடியும் வரை காத்திருந்து கழுவவேண்டிய காலம் அது. ஆசை சின்ன ஆசையாக இருந்திருக்காது.

பிறகு கேமுக்குள்ளேயே எண்ணிக்கை வந்தது. 1996-இல் வந்த சூப்பர் மேரியோ 64-இல் 120 நட்சத்திரங்கள். கடைசி வில்லனைச் சந்திக்க 70 போதும். மிச்சம் 50 விரும்பினால். 120-ம் எடுத்தால் கோட்டைக் கூரைக்கு ஏற வழி திறக்கும். அங்கே யோஷி என்ற டைனோசர் நின்று, வாழ்த்துச் சொல்லி 100 உயிர் தரும். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு நிற்கிறவனுக்கு 100 உயிர் எதற்கு என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

என் தலைமுறைக் கொழும்புப் பெடியன்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வைஸ் சிட்டியில். 2002-இல் வந்த கேம். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அது கொப்பி சீடியாக வந்துசேர இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆனது. ஒரே கொம்பியூட்டர். அக்காவின் அசைன்மென்ட் போக மிச்ச நேரம்தான் எனக்கு. கதை முடிந்த பிறகு மெனுவில் ஸ்டட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு வீதக் கணக்கு இருக்கும். கதையை முடித்த எனக்கு அது பாதியைச் சுற்றி ஏதோ ஓர் எண்ணைக் காட்டியது. முடித்துவிட்டேன் என்று நினைத்தவனுக்கு அதைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்!

அந்த நூறு வீதத்துக்குள் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நூறு வீதம் என்ற எண்ணத்தின் நல்லதும் கெட்டதும் அங்கேயே இருக்கின்றன. அம்புலன்ஸ் ஒன்றைக் கடத்தி ஏறினால் பராமெடிக் வேலை செய்யலாம். முதல் லெவலில் ஒரு நோயாளி, இரண்டாவதில் இரண்டு பேர், இப்படியே பன்னிரண்டாவதில் பன்னிரண்டு பேர். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 78 நோயாளிகள். ஒரு தடவைக்கு மூன்று பேரைத்தான் வண்டியில் ஏற்றலாம். நேரம் முடிந்தாலோ வண்டி எரிந்தாலோ மறுபடி முதலாவது நோயாளியிலிருந்து. நடுவில் சேவ் பண்ண முடியாது. நான் பதினோராவது லெவலில் எட்டாவது ஆளோடு ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பும்போது கரண்ட் போனது. திரை கறுத்து, மொனிட்டர் 'டக்' என்று அணைந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் இரண்டு கிழமை அந்த கேமைத் தொடவில்லை.

ஆனால் முடித்தேன். முடித்தால் ஒரு பரிசு உண்டு: அதற்குப் பிறகு உங்கள் ஆள் எவ்வளவு ஓடினாலும் களைக்கமாட்டான். இது நல்ல பரிசு. 78 பேரை ஏற்றி இறக்கியதில் நகரத்தின் சந்து பொந்தெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும், அதன்மேல் களைக்காத கால்களும் கிடைக்கின்றன. செய்த வேலையும் கிடைத்த பரிசும் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன.

இன்னொன்று ஹிடன் பக்கேஜ். நகரம் முழுக்க ஒளித்து வைத்த 100 சின்னப் பச்சைச் சிலைகள். பத்து எடுக்கும்போதெல்லாம் உங்களுக்கென்று ஏதாவது புதிதாக வந்து கிடக்கும். 90 எடுத்தால் இராணுவ முகாமில் ஒரு டாங்கி, 100 எடுத்தால் ஒரு சண்டை ஹெலிகொப்டர். சரி, நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், எந்தெந்தச் சிலையை எடுத்தீர்கள் என்று கேம் சொல்லாது, எத்தனை என்று மட்டும்தான் சொல்லும். நான் நெட் கஃபேயில் வரைபடம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகக் குறி போட்டு வந்தேன். வரைபடத்தில் நூறுக்கும் குறி விழுந்தது. திரையில் 99. எங்கேயோ எடுக்காமலே குறி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு மூலையாக மறுபடி போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறுபத்திச் சொச்சம் இடங்களில் வெறும் தரையைப் பார்த்த பிறகு கிடைத்தது.

எல்லாம் முடித்து நூறு வீதம் வந்தால், தீராத தோட்டாக்களோடு ஒரு டீ-சேர்ட்டும் தருவார்கள். வைஸ் சிட்டியை முடித்ததற்கு இந்தக் கேவலமான டீ-சேர்ட்தான் கிடைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். கேம் செய்தவர்களே சிரிக்கிறார்கள்! நான் அதைப் போட்டுக்கொண்டு நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். பார்க்க யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பதுதான் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அந்த வீதம் என் கொம்பியூட்டரில், என் சேவ் ஃபைலுக்குள் இருந்தது. 2005 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசொஃப்ட் இதை வெளியே எடுத்தது. ஒவ்வொரு கேமிலும் அச்சீவ்மென்ட் என்று சின்னச் சின்ன இலக்குகள், முழு விலைக்கு விற்கும் கேம் ஒன்றுக்கு மொத்தம் 1,000 புள்ளி, எல்லா கேமின் புள்ளியும் உங்கள் பெயருக்குக் கீழே ஒன்றாகக் கூடும். 2007-இல் கொம்பியூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளமும், 2008-இல் பிளேஸ்டேஷன் 3-ம் பின்னால் வந்தன. பிளேஸ்டேஷன் புள்ளிக்குப் பதிலாகக் கோப்பைகள் வைத்தது: வெண்கலம், வெள்ளி, தங்கம். ஒரு கேமின் எல்லாக் கோப்பைகளையும் எடுத்தால் பிளாட்டினம். பிட்ஃபோல் காலத்துத் துணிப் பட்டிதான், தபால் செலவு மட்டும் இல்லை. என் மருமகன் மூன்றாவது தொதலைக் கடித்துக்கொண்டே என் ஏழு மாத உழைப்புக்கு 31 மார்க் போட முடிந்ததும் இதனால்தான்.

இந்த 31 கதையை அளக்கும் எண் அல்ல. ட்ரொபிகளை அளக்கும் எண். அவற்றில் சில கதை போகிற போக்கில் தானாக விழும். மற்றவை கதைக்குச் சம்பந்தமில்லாத வேலைகள். விட்சரில் குவென்ட் என்று ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. அதன் அட்டைகள் எல்லாவற்றையும் சேர்ப்பதற்கு ஒரு ட்ரொபி. கதையின் நடுவில் ஒரு முகமூடி விருந்து வரும். அங்கே சீட்டாட உட்காராமல் காதல் விவகாரத்தைப் பார்க்கப் போய்விட்டால், கேம் வெளிவந்த காலத்தில் அந்த அட்டைகள் போனது போனதுதான். நூறு மணி நேரம் கழித்துத்தான் குறைவது தெரியும். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத இந்த வகையை 'மிஸ்ஸபிள்' என்பார்கள். ட்ரொபி வேட்டைக்காரர்கள் கேமைத் தொடங்கும் முன்பே இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது இதற்குப் பயந்துதான். மருமகன் விட்சரில் பிளாட்டினம் எடுத்தவன். இரண்டு தடவை முழுதாக விளையாடியிருக்கிறான், இரண்டாவது தடவை அட்டைக்காகவே. வீட்டில் பெரியப்பா 304 ஆடக் கூப்பிட்டால் மட்டும் சீட்டாட்டம் போரடிக்குமாம்.

ஏன் இப்படி? ரிச்சர்ட் பார்ட்டில் என்ற பிரித்தானியர் 1996-இல் கேம் விளையாடுகிறவர்களைச் சீட்டுக்கட்டின் நாலு சாதிகளாகப் பிரித்து எழுதினார். எழுத்தாலேயே நடக்கும் பழைய ஒன்லைன் கேம்களைப் பார்த்து எழுதியது, ஆனாலும் இன்றைக்கும் பொருந்துகிறது. டயமண்ட் என்பது சேர்க்கிறவன், புள்ளியும் பொருளும் கோப்பையும் அவனுக்கு. ஸ்பேட் மண்வெட்டி, தோண்டுகிறவன், மலைக்கு அந்தப் பக்கம் என்ன என்று பார்க்கிறவன். ஹார்ட் பழக வருகிறவன். கிளப் அடுத்தவனை அடிக்க வருகிறவன். மருமகன் டயமண்ட், நான் ஸ்பேட். எனக்கு வரைபடத்தில் இருட்டாக இருக்கிற இடம் உறுத்தும், எண்ணிக்கை உறுத்தாது. வைஸ் சிட்டியை நூறு வீதம் முடித்தவன் இதைச் சொல்வதா என்று கேட்கலாம். அப்போது எனக்குப் பதினாறு வயது, வேறு சீடி வாங்கக் காசில்லை.

அந்தக் காசு விஷயம் சாதாரணமானதல்ல. ஒருவர் ஒரு கேமை எவ்வளவு தூரம் முடிக்கிறார் என்பதற்குக் குணத்தைவிட, அது எப்படிக் கையில் வந்தது என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். புது கேம் ஒன்று 70 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 21,000 ரூபாய். அந்தக் காசைக் கொடுத்தவன் கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் விடுவான், தேங்காய்ப்பால் மூன்றாம் பால் எடுக்கிற மாதிரி. எபிக் ஸ்டோர் என்ற ஒன்லைன் கேம் கடையோ 2018 முடிவிலிருந்து கேம்களை இலவசமாகக் கொடுத்துவருகிறது. அப்படி வந்தவற்றில் நான் திறந்துகூடப் பார்க்காதவை நாற்பதாவது இருக்கும். இப்படிக் குவிந்துகிடப்பதைத்தான் 'பேக்லாக்' என்கிறார்கள். பள்ளிக்கூட நாட்களில் நேரம் இருந்தது, கேம் இல்லை. இப்போது கேம் இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாத ஒரு கேம் செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட். 2017-இல் வந்தது. அதன் உலகம் முழுக்க 900 கொரொக் விதைகள். கல்லைத் தூக்கினால் ஒன்று, மர உச்சிக்கு ஏறினால் ஒன்று. பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900-ம் எடுத்தவனுக்குக் கிடைக்கும் பரிசு தங்க நிறத்தில் சுருண்ட ஒரு பொருள். பார்த்ததும் என்னவென்று விளங்கும், இங்கே எழுதத் தேவையில்லை. அந்த விதைகளைத் தூவியது, யார் எந்தத் திசையில் நடந்தாலும் அங்கே அவருக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்பதற்காக. தெருவோரத்து மாமரத்தில் கைக்கு எட்டியதைப் பறிக்கிறோம், எண்ணிப் பறிப்பதில்லை. என் அளவுகோலும் இதுதான்: தேடலுக்குப் போகும் வழியில் ஏதாவது பார்க்கக் கிடைத்தால் போவேன். வரைபடத்தில் புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஓடுவது மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். விட்சரில் இடைக்கதைகளையெல்லாம் தேடித் தேடிச் செய்தேன், ஏனென்றால் பலது மூலக் கதையைவிட நன்றாக இருக்கும். கடலில் மிதக்கும் பெட்டிகளைத் தேடிப் படகில் போனது இரண்டு நாள். மூன்றாவது நாள் போகவில்லை.

சில கேம்கள் இந்த ஆசையையே பிடித்து ஆட்டிப் பார்க்கும். அண்டர்டேலில் எதிரே வரும் எல்லோரையும் கொன்று ஒரு முடிவைப் பார்க்கலாம். அப்படிச் செய்தால், செய்ய முடியும் என்ற ஒரே காரணத்துக்காகத்தானே செய்கிறாய் என்று அந்த கேமே முகத்துக்கு நேரே கேட்கும். அது மட்டுமில்லை, அதற்குப் பிறகு நல்ல முடிவை எடுத்தாலும் அதில் ஒரு கறை நிற்கும். நீயர்: ஒட்டோமாட்டாவில் ஏ முதல் இசட் வரை 26 முடிவுகள். அதிலே கடைசி உண்மையான முடிவுக்கு வந்தால், முன்பின் தெரியாத இன்னொருவருக்கு உதவ உன் சேவ் ஃபைலை அழிக்கச் சம்மதமா என்று கேட்கும். சம்மதித்தால் உண்மையாகவே அழித்துவிடும். அதே கேமில் ஒரு கட்டத்துக்குப் பிறகு ட்ரொபிகளைக் கேமுக்குள் இருக்கும் காசுக்கே வாங்கலாம், ஆட்டை முழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி. ஸ்டான்லி பரபிள் என்ற கேமில் ஒரு அச்சீவ்மென்ட் ஐந்து வருடம் அந்த கேமைத் தொடாமல் இருந்தால்தான் கிடைக்கும். 2013-இல் வந்தது. என் பேக்லாக்கில் கிடந்தே நான் நேர்மையாகச் சம்பாதித்த அச்சீவ்மென்ட் அது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்பீட்ரன் காரர்களுக்கு முடிப்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. மேரியோ 64-ஐ 120 நட்சத்திரம், 70, 16, 1, பூச்சியம் என்று தனித்தனிப் போட்டிகளாகவே ஓடுகிறார்கள். கேமில் இருக்கும் ஓட்டைகளைப் பிடித்து 16 நட்சத்திரத்தோடு கால் மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். ஒரே கேமுக்கு ஐந்து முடிவு, ஐந்துக்கும் தனித் தனி உலக சாதனை. என் வாக்குவாதத்தை இவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: எந்தக் கணக்கு என்று முதலே சொல்லிவிட்டுத்தான் ஓடத் தொடங்குவார்கள்.

பப்ஜி, கால்பந்து, கிரிக்கெட் போன்றவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது, அவற்றுக்கு முடிவில்லை. டெட்ரிஸுக்கும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1989-இல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸை 2023 டிசம்பரில் ஒரு 13 வயதுப் பையன் 157-ஆவது லெவலில் உறைய வைத்துவிட்டான். 34 வருடத்துக்குப் பிறகு அதற்கும் ஒரு முடிவு.

பெற்றவர்களுக்கு ஒரு விஷயம். "இன்னும் ரெண்டுதான்" என்றால் இரண்டு என்ன என்று கேளுங்கள். இரண்டு மிஷன் என்றால் அரை மணி நேரம். இரண்டு ட்ரொபி என்றால் இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். கதை உள்ள கேம்கள் பெரும்பாலானவை இப்போது தாமாகவே சேவ் ஆகும், ஐந்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்வது அநியாயமில்லை. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டியபோது மருமகன் திரை மூலையில் அந்தச் சேவ் அடையாளம் சுழல்வதைப் பார்க்காமல் எழும்பமாட்டான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் தடவை ட்ரொபிப் பட்டியலைப் பார்க்காமலே விளையாடுங்கள். எதையாவது தவறவிடுவீர்கள்தான். கதை முடிந்த பிறகும் அந்த உலகத்தை விட்டு வர மனமில்லை என்றால், அப்போது பட்டியலைத் திறந்தால் போதும். மருமகன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். இரண்டாம் தடவை விளையாட யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பான், அவன் கேட்பதும் சரிதான்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்தபோது அவன் பட்டியலைக் காட்டச் சொன்னேன். 14 பிளாட்டினம். கீழே ஒரு பழைய கார்ப் பந்தய கேம், ஒரே ஒரு ட்ரொபி குறைவு. ஒன்லைனில் ஐம்பது பந்தயம் வெல்லவேண்டுமாம். அவன் 43 வென்றபோது கம்பனி சேர்வரை மூடிவிட்டது.

"இது இனி யாருக்கும் கிடைக்காது மாமா."

"அப்ப டிலீட் பண்ணன்."

பதில் சொல்லவில்லை. பட்டியலில் விரலை வைத்து மேலே தள்ளினான். பூட்டுப் படம் போட்ட அந்தச் சின்னக் கட்டம் திரைக்கு வெளியே போனது.